காவேரிப்பட்டணத்து லேப்ரடாரும் ஏழு மாதம் தாமதமான பேப்பரும்

மாங்காய் சீசன் முடிந்து கூழ் ஃபேக்டரிகள் ஓய்ந்த ஆகஸ்ட் மாதத்தில் என் தங்கை வீட்டுக்கு அந்தக் குட்டி வந்தது. கறுப்பு லேப்ரடார், பெட்டை. பிறந்து 48 நாள். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பை ஒட்டிய வீடு அவர்களுடையது. காலேஜில் படிக்கும் மகள் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மைனா என்று பெயர் வைத்தார்கள்.

ஓசூர் பக்கம் ஒரு கிராமத்தில் நாய் வளர்த்து விற்பவரிடம் வாங்கினார்கள். அவர் இரண்டு விலை சொன்னாராம். பேப்பரோடு, அதாவது பதிவுச் சான்றிதழோடு, என்றால் 22,000 ரூபாய், பேப்பர் இல்லாமல் 15,000. "பேப்பர் இருந்தா நாளைக்கு குட்டி போட்டாலும் மதிப்பு இருக்கும்ங்க" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை 5,000 ரூபாயை ஜிபேயில் அட்வான்ஸாகப் போட்டார். குட்டியை எடுக்கப் போன அன்று மீதி 17,000 ரூபாயைக் கையில் கொடுத்தார். பில் கிடையாது. தடுப்பூசி அட்டை ஒன்று கொடுத்தார்கள், அதில் முதல் ஊசியின் ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது. "பேப்பர் ரெண்டு மாசத்துல கொரியர்ல வந்துடும்" என்றதோடு பேச்சு முடிந்தது.

அக்டோபரில் கேட்டபோது "மெட்ராஸ் ஆபீஸ்ல லேட்" என்றார். அப்புறம் தீபாவளி முடியட்டும் என்றார். டிசம்பரில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். பொங்கலுக்கு நான் போயிருந்தபோதுதான் தங்கை இந்தக் கதையைச் சொன்னாள்.

நான் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்குக் காதுவில்லை மாட்டி, அந்த 12 இலக்க எண்ணைப் பதிவில் ஏற்றும் வேலையை இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகச் செய்திருக்கிறேன். இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்துப்போய், காதில் வில்லை இல்லாததால் பணம் கிடைக்காமல் நின்ற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பதிவு என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எண்ணைத்தான். தங்கை வீட்டில் அப்படி ஒரு எண்ணும் இல்லை.

பேப்பர் என்றால் என்ன

நம் ஊரில் "பேப்பர்" என்று சொல்வது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் பதிவுச் சான்றிதழை. கேசிஐ என்பார்கள். தலைமை அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நாயின் பதிவுப் பெயர், இனம், பால், நிறம், பிறந்த தேதி, மைக்ரோசிப் எண், வளர்த்தவர் பெயர், உரிமையாளர் பெயர், அப்புறம் மூன்று தலைமுறை வம்சாவளி எல்லாம் அதில் இருக்கும். அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, அவர்களைப் பெற்றவர்கள் 8. மொத்தம் 14 பெயர்கள்.

இதைக் கடையில் பில் போடுவது மாதிரி விற்ற பிறகு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சான்றிதழ் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதலில் தாய்க்கும் தந்தைக்கும் பதிவு இருக்க வேண்டும். இணை சேர்ந்ததைத் தந்தை நாயின் உரிமையாளர், அதாவது ஸ்டட்காரர், கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். குட்டிகள் பிறந்ததும் வளர்ப்பவர் முழு ஈற்றையும் பதிவுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பேச்சில் இது "லிட்டர் போடுறது". ஒவ்வொரு குட்டிக்கும் சிப் வைத்து அந்த எண்ணை அதில் குறிக்க வேண்டும். அதன் பிறகுதான் குட்டிக்குக் குட்டி சான்றிதழ் வரும், அதுவும் வளர்ப்பவர் பெயரில். வாங்கியவர் பெயருக்கு மாற்றுவது கடைசி வேலை. அதற்கு அசல் சான்றிதழும், விற்றவர் வாங்கியவர் இருவர் கையெழுத்தும் உள்ள டிரான்ஸ்பர் விண்ணப்பமும் வேண்டும்.

இந்தச் சங்கிலியில் வாங்கியவரின் கை படுவது கடைசிக் கண்ணியில் மட்டும். முந்தைய எதையும் நாம் செய்ய முடியாது, செய்யவைக்க மட்டும்தான் முடியும். ஆகவே "பேப்பர் எப்ப வரும்?" என்று கேட்பதில் பயன் இல்லை. "லிட்டர் போட்டாச்சா, எந்தத் தேதியில் போட்டீங்க?" என்று கேட்க வேண்டும். ஐந்து மாதமாக மாப்பிள்ளை முதல் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தார். போனை எடுத்தவரை விற்றவரும் சலிக்காமல் ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம்

தாயின் பதிவுப் பெயர் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. தந்தை? சேலத்து நாய் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். மைனாவின் கழுத்தையும் தோள்பட்டையையும் தடவிப் பார்த்தேன். சிப் அரிசி மணி அளவுதான் இருக்கும், கைக்குத் தட்டாமலும் போகலாம். ஆனால் சிப் வைத்ததாகத் தடுப்பூசி அட்டையிலும் எந்தக் குறிப்பும் இல்லை.

குட்டியை வாங்கிய அன்று போட்டோ எடுத்தீர்களா என்று கேட்டேன். தங்கை மகள் போனில் ஒரு நாற்பது படம் இருந்தது. ஒன்றில் அவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். விரலால் பெரிதாக்கினோம். கண்ணாடியில் ட்யூப் லைட் பட்டுப் பாதி வெளுத்திருந்தது. ஆனாலும் மேலே கேசிஐ என்ற எழுத்தும், கீழே நாயின் பெயரும், பதிவு எண்ணும் படித்துவிடலாம்போல் இருந்தன. எண்ணில் ஒரு இலக்கம் மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை. அது மைனாவின் அம்மாவின் பேப்பர். அவள் பதிவு உள்ள நாய் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே ஆதாரம் இந்தத் தற்செயலான படம்தான்.

அந்தப் படம் கையில் இருந்ததால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. தாய்க்கே பதிவு இல்லை என்றால் பேப்பர் வர வழியே இல்லை, பணத்தைத் திரும்பக் கேட்பது மட்டும்தான் மிச்சம். தாய்க்கு இருந்தால் எங்கோ ஒரு கண்ணி அறுந்து கிடக்கிறது, அதைத் தேடலாம்.

ஜனவரி கடைசியில் நானும் மாப்பிள்ளையும் முன்னறிவிப்பு இல்லாமல் நேரில் போனோம். அந்த ஆள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாற்காலி போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். நாய்கள் சுத்தமாக இருந்தன. நான் சண்டைக்குப் போகவில்லை. லிட்டர் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சார், உங்ககிட்ட பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன். லிட்டரே போடல."

"ஏன்?"

"ஸ்டட்காரர் கையெழுத்துப் போட மாட்டேங்கறார்."

சென்னை அலுவலகத்தில் தாமதம் என்று சொன்னதெல்லாம் கதை. அங்கே ஒரு விண்ணப்பம்கூடப் போகவில்லை.

சேலத்துப் பெரியவர்

இணை சேர்த்ததற்கு ஸ்டட்காரருக்குப் பணமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் ஈற்றில் ஒரு குட்டியைக் கொடுக்கலாம். குட்டி என்றால் பொதுவாக முதலில் பொறுக்கும் உரிமை அவருக்குத்தான். இங்கே குட்டி என்று பேசியிருந்தார்கள். தாய் எட்டுக் குட்டி போட்டாள். இரண்டு முதல் வாரத்திலேயே செத்துப்போயின. ஆறும் கேட்ட விலைக்குப் போனதும், நம் ஆள் ஆறையும் விற்றுவிட்டார். ஸ்டட்காரருக்கு "அடுத்த ஈத்துல தர்றேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார். அவர் போனை வைத்துவிட்டார்.

சேலம் போய் அவரைப் பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். நாய்க் கண்காட்சிகளுக்குப் போய் வந்த கோப்பைகள் அலமாரி நிறைய இருந்தன. என்னை உட்கார வைத்து ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்தார். எந்தப் பெட்டை எந்தத் தேதியில் வந்தது என்று பேனாவால் வரிசையாக எழுதியிருந்தார். மைனாவின் அம்மா பெயருக்கு நேரே ஏப்ரல் 17, 19 என்று இரண்டு தேதிகள். நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். நான் மனதுக்குள் கூட்டினேன். 18-லிருந்து எண்ணினால் 63-வது நாள் ஜூன் 20. மைனா பிறந்ததும் ஜூன் 20. ஓசூர்க்காரர் பல விஷயங்களில் இழுத்தடித்தார், ஆனால் தந்தை எந்த நாய் என்பதில் பொய் சொல்லவில்லை என்று அந்த நோட்டைப் பார்த்ததும் தெரிந்தது.

"தம்பி, எனக்குப் பணம் பெருசில்ல" என்றார் பெரியவர். "குட்டி தர்றேன்னு சொன்னான், தரல. நான் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் என்னைத் திரும்பிப் பாப்பானா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவரிடம் இருந்த ஒரே பிடி அந்தக் கையெழுத்துதான். ஆனால் அந்தப் பிடியில் மாட்டிக்கொண்டவர்கள் ஓசூர்க்காரரும் அவரும் இல்லை, குட்டி வாங்கிய நான்கைந்து குடும்பங்கள். இதை நான் அவரிடம் நேராகவே சொன்னேன். குட்டிக்கு ஈடான பணம் வந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். 20,000 ரூபாய் என்று முடிவானது.

நோட்டீஸ்

ஓசூர்க்காரர் இதற்கு உடனே சரி என்று சொல்லவில்லை. கையில் காசு இல்லை என்றார். அப்போதுதான் எழுத்தில் போட முடிவு செய்தோம். வக்கீல் வைக்கவில்லை. தங்கை மகள் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். எந்தத் தேதியில், எவ்வளவு, எப்படிக் கொடுத்தோம், என்ன வாக்குறுதி தந்தீர்கள், எந்தத் தேதிகளில் என்ன பதில் சொன்னீர்கள் என்று வரிசையாக. கூடவே ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர் "பேப்பர் கண்டிப்பா வரும்" என்று அனுப்பிய செய்தியின் பிரிண்ட், சுவரில் அந்தச் சான்றிதழ் தெரியும் போட்டோ. 15 நாளில் ஈற்றைப் பதிவுக்கு அனுப்பி அதன் நகலைத் தர வேண்டும், இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று முடித்திருந்தாள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டோம்.

இது வெறும் மிரட்டல் இல்லை. பேப்பருக்கென்று கூடுதலாகப் பணம் வாங்கிவிட்டு அதைத் தராமல் இருப்பது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும். அதற்கும் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம்.

நோட்டீஸில் இன்னொரு வரியும் சேர்க்கச் சொன்னேன். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, நாய் வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்கும் முன் சிப் வைத்திருக்க வேண்டும். எட்டு வாரம் என்றால் 56 நாள், மைனா வந்தது 48-வது நாளில். நம் பக்கத்தில் 45 நாள் குட்டி என்பது வழக்கமான பேச்சாகிவிட்டது. 35 நாளில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்வது இந்தக் கடைசி வாரங்களில்தான். அதை எடுத்துவிட்டு அப்புறம் நாய் கடிக்கிறது என்று அடிப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

ஒன்பதாம் நாள் ஓசூர்க்காரரிடமிருந்து போன் வந்தது. பெரியவருக்கு முதல் தவணை 10,000 போய்விட்டது, அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார், சிப் வைக்க ஞாயிற்றுக்கிழமை குட்டிகளைக் கூட்டி வாருங்கள் என்றார். அவரைச் சாய்த்தது நோட்டீஸா, அதே வாரத்தில் தர்மபுரியிலிருந்து இன்னொரு குடும்பம் அவர் வாசலில் போய் நின்றதா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். பேப்பருக்குப் பணம் கட்டிய மற்றவர்களின் போன் நம்பரைத் தேடிப் பிடித்தது தங்கை மகள். தனியாளாகக் கேட்டால் அவருக்கு ஒரு தொந்தரவு, நாலு பேராகப் போனால் அவர் தொழிலுக்கே ஆபத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை

பிப்ரவரியில் நான்கு குட்டிகள் வந்தன. குட்டி என்று சொல்கிறேன், ஒவ்வொன்றும் இருபது கிலோவைத் தாண்டியிருந்தது. ஒரு டாக்டர் வந்திருந்தார். சிப் வைக்கும் ஊசி தடுப்பூசி ஊசியைவிட நல்ல தடிமன். இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்து ஏற்றினார். மைனா ஒரு தடவை "கீ" என்றாள், பிறகு பிஸ்கட்டைப் பார்த்துவிட்டாள்.

ஒவ்வொரு சிப்போடும் 15 இலக்க எண் அச்சிட்ட பார்கோடு ஸ்டிக்கர்கள் வரும். அவற்றை அந்தந்தக் குட்டியின் விவரத்துக்கு நேரே ஒட்ட வேண்டும். அன்றைக்கு நான்கு ஊசியும் போட்டு முடித்த பிறகுதான் மேஜையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதில் இரண்டு, ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டைகள். ஒன்று மைனா, இன்னொன்று தர்மபுரிக் குடும்பத்தின் நாய். நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். காதுவில்லை மாட்டும்போது ஒரு மாட்டை முடித்து எழுதிய பிறகே அடுத்த மாட்டைத் தொட வேண்டும் என்று புதிதாக வந்தவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது இன்னமும் என்னை உறுத்துகிறது.

மார்ச் கடைசியில் சான்றிதழ்கள் வந்தன. ஓசூர்க்காரரே காவேரிப்பட்டணம் வந்து கொடுத்தார், டிரான்ஸ்பர் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார். வீட்டில் கேசரி கிண்டினார்கள். டிரான்ஸ்பருக்கு அனுப்பும் முன் சிப்பை ஒரு தடவை ஸ்கேன் செய்துவிடலாம் என்று நான் சொன்னேன். கிருஷ்ணகிரியில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு கிளினிக்குக்குப் போனோம்.

சிப்புக்குள் பேட்டரி கிடையாது, நாய் எங்கே இருக்கிறது என்றும் அது சொல்லாது. ஸ்கேனர் பக்கத்தில் வரும்போது மட்டும் தன் எண்ணைச் சொல்லும். டாக்டரம்மா ஸ்கேனரை மைனாவின் முதுகின் மேல் மெதுவாக இழுத்தார். பீப் என்றது. அவர் எண்ணைச் சத்தமாகப் படிக்க, தங்கை மகள் சான்றிதழில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு இலக்கம் சரியாக வந்தது. கடைசி மூன்று சான்றிதழில் 638. டாக்டரம்மா படித்தது 641.

மூன்று தடவை ஸ்கேன் செய்தோம். மூன்று தடவையும் 641. பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஏழு மாதம் அலைந்து வாங்கிய பேப்பர் வேறு ஏதோ நாயுடையது.

எனக்கு அந்த மேஜை நினைவுக்கு வந்தது. அங்கிருந்தே தர்மபுரிக்குப் போன் போட்டோம். அவர்கள் சான்றிதழில் கடைசி எண் என்ன என்று கேட்டேன். 641 என்றார்கள். மறுநாள் அவர்கள் தங்கள் நாயை ஸ்கேன் செய்தபோது 638 வந்தது. அக்கா தங்கை இரண்டு பேரின் பேப்பரும் இடம் மாறியிருந்தது.

நல்ல வேளை, இரண்டு குடும்பமும் டிரான்ஸ்பருக்கு இன்னும் அனுப்பவில்லை. சான்றிதழ்கள் வளர்ப்பவர் பெயரில்தான் இருந்தன. ஆகவே அசல் சான்றிதழை மாற்றிக்கொண்டு, அவரிடம் இரண்டு டிரான்ஸ்பர் விண்ணப்பங்களைப் புதிதாக வாங்கினால் போதும். உரிமையாளர் பெயர் மாறிய பிறகு கண்டுபிடித்திருந்தால், சிப் எண்ணுக்கு டாக்டர் கடிதம், வளர்ப்பவர் கடிதம், இரண்டு உரிமையாளர் கடிதம் என்று திருத்தத்துக்கு இன்னொரு சுற்று அலைந்திருக்க வேண்டும். கண்டுபிடிக்காமலே போயிருந்தால் மைனா என்றைக்கோ தொலைந்து யாராவது ஸ்கேன் செய்து அந்த எண்ணைப் பதிவில் தேடும்போது தர்மபுரிக்காரர்கள் பெயர் வந்திருக்கும்.

காரிமங்கலத்தில் பைபாஸ் ஓரம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். பேப்பரை மாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் ஆனது. அக்காவும் தங்கையும் அரை மணி நேரம் புழுதியைக் கிளப்பி உருண்டு விளையாடினார்கள், பிரிக்க முடியவில்லை. மே மாதம் மைனாவின் சான்றிதழ் தங்கை மகள் பெயருக்கு மாறி வந்தது.

எங்கே சறுக்கியது

மாப்பிள்ளை முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்ததுதான் முதல் சறுக்கல். பேப்பருக்கு 7,000 என்று அவரே தனியாக விலை சொல்லியிருக்கும்போது, அந்த 7,000 ரூபாயைப் பேப்பர் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் லிட்டர் போடாத விஷயம் அன்றைக்கே வெளியில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். குட்டி மடியில் ஏறிவிட்ட பிறகு யாருக்கும் பேரம் பேச வாய் வராது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் அட்வான்ஸ் போடுவதற்கு முன்பே, போனிலேயே கேட்டுவிட வேண்டும். தாய் தந்தை இரண்டின் சான்றிதழ் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். பதிவு உள்ள நாய் வைத்திருப்பவருக்கு அதை அனுப்ப ஒரு நிமிடம் போதும். குட்டிக்குச் சிப் வைத்தாகிவிட்டதா, லிட்டர் விண்ணப்பத்தின் நகல் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்கலாம். கொடுத்த பணத்துக்கு ஒரு வெள்ளைத் தாளிலாவது, "பதிவுச் சான்றிதழோடு சேர்த்து" என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

பேப்பரோடு ஒரு விலை, இல்லாமல் ஒரு விலை என்பதையே நான் ஏற்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த ஆறு குட்டிகளில் நாலுக்கு அப்பா அம்மா உண்டு, இரண்டுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஈற்றைப் பதிவு செய்வது வளர்ப்பவரின் கடமை, வாங்குபவர் காசு கொடுத்தால் கிடைக்கும் எக்ஸ்ட்ரா சாமான் இல்லை அது. இந்த இரண்டு விலை இருக்கும்வரை பாதிக் குட்டிகள் பதிவுக்கு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும். ஒரு பெட்டை வருடத்துக்கு எத்தனை ஈற்று போடுகிறாள் என்பதும் யார் கண்ணிலும் படாது. 2017 விதிகள் 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது என்றும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. பதிவு இல்லாமல் அதை எண்ணுவது யார்?

பெரியவர் கடைசிவரை கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று தங்கை கேட்டாள். 7,000 ரூபாயைத் திரும்பக் கேட்டு ஆணையத்துக்குப் போயிருப்போம். பெற்றோர் விவரம் தெரியாத நாயை நடுவர் நேரில் பார்த்து, இனத்தின் லட்சணம் இருக்கிறது என்று சொன்னால், வம்சாவளி இல்லாமல் பதிவு செய்யும் ஒரு வழி கேசிஐயில் இருக்கிறது. அதில் அந்த 14 இடமும் காலியாக இருக்கும். தெருவில் கண்டெடுத்த நாய்க்கு அது நல்ல வழி. அம்மா சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும்போது மைனாவுக்கு ஏன் அது?

பேப்பரை ஆரோக்கியச் சான்று என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் அப்படி ஒன்றும் இல்லை. லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. சான்றிதழ் அதைப் பற்றி ஒரு வரியும் சொல்லாது, எக்ஸ்ரேதான் சொல்லும். குட்டி வாங்கப் போகும்போது தாயை எழுந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது மைனாவுக்கு 20 மாதம். போன மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர் தங்கை வீட்டுக்குப் போன் செய்தார். தன்னிடம் நல்ல ஆண் லேப்ரடார் இருக்கிறது, இணை சேர்க்கலாமா என்று. மாப்பிள்ளைக்கு ஆசைதான். மகள் போனை வாங்கி, "அங்கிள், உங்க நாயோட பேப்பர் ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டாள். அவர் அனுப்பினார். இரண்டு சான்றிதழையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். தந்தை என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பெயர். சேலத்துப் பெரியவரின் நாய்.

அவள் கிருஷ்ணகிரிக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். அவரும் அப்போதுதான் தன் பேப்பரை எடுத்துப் படித்திருக்கிறார். "அடடா, அண்ணன் தங்கச்சியாம்மா" என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.